அண்டை நாட்டில் தடுத்த சாவு

(மருத்துவ மாணவர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மங்கலமானதல்ல. சாவைப் பற்றிப் பேசப் போகிறேன். குழந்தைகளின் சாவைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். தடுப்பூசி போட்டோம், சத்துணவு கொடுத்தோம், அதன் பலனையும் கண்டோம். வயது முதிர்ந்து வரும் சாவை நம் குடும்பங்கள் கல்யாணச் சாவு என்று ஏற்றுக்கொள்கின்றன. நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. உழைத்துச் சம்பாதிக்கிறவர்கள், பிள்ளை பெற்று வளர்க்கிறவர்கள், வயதான தாய் தகப்பனைக் காப்பாற்றுகிறவர்கள். இவர்களில் ஒருவர் 42 வயதில் போய்விட்டால் மகளின் படிப்பு நிற்கிறது, நகை அடகுக்கடைக்குப் போகிறது, நிலம் கைமாறுகிறது. அப்படிப்பட்ட சாவு ஒரு தலைமுறையையே பின்னுக்குத் தள்ளிவிடும்.

இதை அளக்க உலகெங்கும் ஓர் அளவுகோல் உண்டு. 15 வயதை எட்டிவிட்ட 1,000 பேரில் எத்தனை பேர் 60ஆவது பிறந்தநாளைப் பார்க்காமல் போகிறார்கள் என்பதே அது. எத்தனை பேர் என்பதோடு எதனால் என்பதையும் சேர்த்துக் கேட்டால் ஒரு நாட்டின் உண்மையான உடல்நிலை தெரிந்துவிடும்.

நான் ஒப்பிடப் போவது மூன்று நாடுகளை: இந்தியா, இலங்கை, வங்கதேசம். ஜப்பானோடும் ஸ்வீடனோடும் நம்மை ஒப்பிட்டால், "அவர்கள் பணக்காரர்கள், குளிர்நாட்டுக்காரர்கள், அவர்கள் கதை வேறு" என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இந்த மூன்று நாட்டிலும் ஒரே மழைக்காலம், ஒரே நெல் வயல், ஒரே சோறு. வரப்பில் கிடக்கும் பாம்பும் பெரும்பாலும் ஒரே பாம்பு. வெள்ளைக்காரன் விட்டுப்போன சட்டமும் அலுவலக முறையும்கூடப் பெரும்பாலும் ஒன்றுதான். இவ்வளவும் ஒன்றாக இருந்தும் ஒரு நாட்டில் சாகிறவன் பக்கத்து நாட்டில் பிழைக்கிறான் என்றால், அந்த வித்தியாசம் மனிதர்கள் செய்த ஏதோ ஒன்றால் வந்தது. அது என்ன என்று தேடுவதுதான் இந்த உரையின் வேலை. அண்டை நாட்டில் தடுக்கப்பட்ட ஒரு சாவை நம் நாட்டில் விதி என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

சாவுக்குக் காரணம் யார் எழுதுகிறார்கள்?

ஒப்பிட வேண்டுமானால் முதலில் கணக்கு வேண்டும். இந்தியாவில் பிறப்பு இறப்புப் பதிவை 1969ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. இறப்புகளில் பெரும்பகுதி இப்போது பதிவாகிவிடுகிறது. ஆனால் இறந்ததற்கான காரணத்தை ஒரு மருத்துவர் சான்றளித்த இறப்புகள் 2020ஆம் ஆண்டில் 22.5 விழுக்காடு மட்டுமே. மீதி நாலில் மூன்று பங்குக்கும் மேலான மனிதர்கள் எதனால் போனார்கள் என்று ஏட்டில் இல்லை. மருத்துவர் எழுதிய சான்றிதழிலும் பல நேரம் "இருதயம் நின்றது" என்றிருக்கும். இறந்த எல்லாருக்கும் இருதயம் நின்றுதான் போகிறது. அது ஏன் நின்றது என்பதுதான் கேள்வி.

இலங்கையில் 1867ஆம் ஆண்டிலேயே பதிவு தொடங்கிவிட்டது. ஏறக்குறைய எல்லா இறப்பும் பதிவாகிறது. வீட்டில் திடீரென இறந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து விசாரிக்கும் ஏற்பாடும் உண்டு. வங்கதேசத்தில் தேசிய அளவிலான பதிவு பலவீனமானது. ஆனால் சாந்த்பூர் மாவட்டத்து மத்லப் வட்டாரத்தில் 1966 முதல் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எல்லாவற்றையும் குறித்து வருகிறார்கள். வளரும் நாடுகளில் இவ்வளவு நீண்ட காலம் இவ்வளவு நுணுக்கமாக நடக்கும் பதிவு அபூர்வம்.

மருத்துவர் பார்க்காத சாவின் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை என்று ஒரு முறை இருக்கிறது. கத்தியும் கிடையாது, பிணவறையும் கிடையாது. இறப்பு நடந்து சில மாதங்கள் ஆன பிறகு, பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போகிறார். திண்ணையிலோ பாயிலோ உட்கார்ந்து, கடைசி நாட்களில் கூட இருந்தவரிடம் மெதுவாகக் கேட்கிறார். "அம்மா, உங்க வீட்டுக்காரருக்கு எத்தனை நாளா இருமல் இருந்துச்சு? சளியில ரத்தம் வந்துச்சா? உடம்பு இளைச்சாரா? நெஞ்சுவலி வந்தப்ப வேர்த்துக் கொட்டுச்சா? வலி இடது கைக்கு இறங்குச்சா? பீடி குடிப்பாரா, ஒரு நாளைக்கு எத்தனை?" அந்த அம்மா அழுதபடி சொல்வதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்கிறார். பிறகு இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக அதைப் படித்துக் காரணத்தைக் குறிக்கிறார்கள். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர் பார்க்கிறார்.

இந்த முறையை இந்தியாவில் பெரிய அளவில் நடத்திக் காட்டிய இடங்களில் முதன்மையானது நம் தமிழ்நாடு. மருத்துவர் வி. கஜலட்சுமியின் குழு 1990களில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் இறந்த வயதுவந்தோர் 80,000 பேரின் வீடுகளுக்குப் போய் விசாரித்தது. கேள்வி கேட்டவர்கள் மருத்துவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். அந்தத் தரவைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் ரிச்சர்ட் பீட்டோவோடு சேர்ந்து 2003இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, காசநோயால் இறந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் காரணமாக இருந்ததைக் காட்டியது. பீடி புற்றுநோய்க்கு மட்டும் வழி என்று நினைத்திருந்த மருத்துவ உலகம் அன்று காசநோய் வார்டைப் புதிய கண்ணால் பார்த்தது.

அதன் பிறகு இந்தியப் பதிவாளர் நாயகம் அலுவலகமும் டொரண்டோவின் ஆய்வாளர் பிரபாத் ஜாவும் சேர்ந்து இதே முறையை நாடு முழுவதும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு விரித்தார்கள். அதுதான் பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு என்று பெயர் பெற்றது. நான் இனிச் சொல்லப்போகும் இந்தியக் கணக்குகளில் பல அதிலிருந்து வந்தவை.

ஒரு கையெழுத்து காப்பாற்றிய உயிர்கள்

முதல் ஒப்பீடு கனமானது. தற்கொலை மரணம்.

1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள், கையில் கிடைத்தது வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில்தான் போரும் சுனாமியும் பொருளாதார நெருக்கடியும் வந்து போயின. துயரம் குறைந்ததால் சாவு குறைந்தது என்று சொல்ல வழியில்லை.

குறைத்தது பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகத்தின் தடை உத்தரவுகள். 1984இல் பாராத்தியான் வகை மருந்துகள் நிறுத்தப்பட்டன. 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட மிகக் கொடிய வகை மருந்துகள் எல்லாம் தடை செய்யப்பட்டன. 1998இல் எண்டோசல்ஃபான். 2008 முதல் 2011க்குள் பாராகுவாட் உள்ளிட்ட மூன்று மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன. அனுராதபுரத்திலும் பொலன்னறுவையிலும் மருத்துவமனைகளில் வேலை செய்த மருத்துவர்கள், எந்த மருந்தைக் குடித்து வந்தவர்கள் பிழைக்கவில்லை என்று நோயாளி நோயாளியாகக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பு வேளாண் அதிகாரியின் மேசைக்குப் போனது, அவர் கையெழுத்துப் போட்டார். 1995 முதல் 2015 வரை இதனால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் சுமார் 93,000 என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது.

தடை வந்தவுடன் பூச்சிமருந்து குடித்து மருத்துவமனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள், அதுதான் மாற்றம். இந்த மரணங்களில் பல, நெடுநாள் திட்டமிட்டு நடப்பவை அல்ல. ஒரு சண்டை, ஓர் அவமானம், ஒரு கடன் நெருக்கடி, அதன் உச்சியில் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தங்கள் ஆயுளை வாழ்ந்து முடிக்கிறார்கள். எனவே அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது எவ்வளவு கொடிய மருந்து என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானித்துவிடுகிறது. மனநல ஆலோசனையும் கடன் நிவாரணமும் கட்டாயம் வேண்டும். அவை எல்லா வீட்டையும் எட்டும்வரை, கடையில் என்ன விற்கலாம் என்பதை அரசு ஒரே உத்தரவில் மாற்ற முடியும்.

வங்கதேசம் 2000ஆம் ஆண்டில் இதே கொடிய வகை மருந்துகளைத் தடை செய்தது. 1996க்கும் 2014க்கும் இடையில் அங்கே பூச்சிமருந்துத் தற்கொலை விகிதம் 65 விழுக்காடு குறைந்தது.

இந்தியாவுக்கு வருவோம். 2010ஆம் ஆண்டில் போலீஸ் பதிவுகளின்படி தற்கொலை மரணங்கள் 1,34,599. வீடு வீடாகக் கேட்ட ஆய்வு சொன்ன மதிப்பீடு சுமார் 1,87,000. அதில் பாதியளவு விஷத்தால், பெரும்பாலும் பூச்சிமருந்தால் நேர்ந்தவை. நாட்டிலேயே விகிதம் உயர்ந்திருந்தது தென் மாநிலங்களில். 2022இல் தமிழ்நாட்டில் மட்டும் போலீஸ் கணக்கில் 19,834 பேர்.

இலங்கை 1995இல் விலக்கிய மோனோகுரோட்டோபாஸ் இந்தியக் கடைகளில் அதன் பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் விற்பனையானது. 2013இல் பீகாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவில் அது கலந்து 23 குழந்தைகள் இறந்தார்கள். அப்போதும் முழுத் தடை வரவில்லை. 2023 செப்டம்பரில்தான் மத்திய அரசு அதன் முக்கியக் கலவையைத் தடை செய்யும் உத்தரவைப் பிறப்பித்தது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு சில பூச்சிமருந்துகளை 60 நாட்களுக்கு நிறுத்திவைத்தது, மஞ்சள் பாஸ்பரஸ் எலிமருந்தை நிரந்தரமாகத் தடை செய்தது. இவற்றை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் 28 ஆண்டுகள், ஐயா! ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் கூப்பிடு தூரம். அங்கே கிடைத்த அறிவு இந்தக் கரைக்கு வர 28 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இங்கே இரண்டு கேள்விகள் எழும். முதலாவது, மருந்தைப் பூட்டி வைத்தால் போதாதா என்பது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதியில் மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு, ஊருக்குப் பொதுவான ஓரிடத்தில் பெட்டகங்கள் வைத்து நம்பிக்கையூட்டும் பலனைக் கண்டது. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில், 50,000க்கும் மேற்பட்ட வீடுகளை வைத்து, வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி கொடுத்துச் சோதித்தார்கள். 2017இல் வந்த முடிவு: பலன் எதுவும் தெரியவில்லை. வீட்டுப் பெட்டியின் சாவி வீட்டில்தானே இருக்கிறது. கொடிய மருந்தைச் சந்தையிலிருந்தே எடுத்ததுதான் நாடு முழுக்க எண்ணிக்கையைக் குறைத்தது.

இரண்டாவது, விளைச்சல் விழுந்துவிடாதா என்பது. 2021இல் இலங்கை அரசு ரசாயன உரம், பூச்சிமருந்து எல்லாவற்றின் இறக்குமதியையும் ஒரே நாளில் நிறுத்தி, விவசாயம் நிலைகுலைந்து, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியதை எல்லாரும் அறிவோம். அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முந்தைய தடைகள் ஒவ்வொரு மருந்தாக, மாற்று மருந்து கடையில் இருக்கும்போது, கால அவகாசம் கொடுத்துச் செய்யப்பட்டவை. அந்தத் தடைகளுக்குப் பிறகு நெல் விளைச்சல் குறையவில்லை என்று இலங்கை அதிகாரிகளே ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

பாம்பு ஒன்றுதான், தூரம் வேறு

அடுத்தது பாம்புக்கடி. மருத்துவமனைக் கணக்கை வைத்து, இந்தியாவில் ஆண்டுக்கு ஓரிரு ஆயிரம் பேர் பாம்பு கடித்து இறப்பதாகப் பல காலம் சொல்லி வந்தோம். வீடு வீடாகக் கேட்டபோது 2005ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 46,000 பேர் என்று தெரிந்தது. 2000 முதல் 2019 வரை மொத்தம் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு கட்டுவிரியன் கடியைப் பாருங்கள். இரவில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரை அது கடிக்கிறது. பெரிய வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்பட்ட தடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்று எழுந்திருப்பார். வீட்டில் சீரகத் தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு கண் இமை தானாக மூடும். தூக்கக் கலக்கம் என்று நினைப்பார்கள். எச்சில் விழுங்க முடியாது, பேச்சு குழறும், அதற்கு மேல் மூச்சு விடும் தசைகள் செயலற்றுப் போகும். வண்டி தேடி வந்து சேர்வதற்குள் முடிந்துவிடும். ஊரார் சொல்வது வயிற்றுவலியில் போய்விட்டார் என்று. ஏட்டிலும் அதுவே ஏறும். இந்திய ஆய்வில் பாம்புக்கடியால் இறந்தவர்களில் 97 விழுக்காட்டினர் கிராமத்தவர்கள். மருத்துவமனையில் உயிர் பிரிந்தவர்கள் 23 விழுக்காடுதான். மருத்துவமனை ஏட்டை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும்?

இலங்கையில் தீவு முழுவதும் நடத்திய வீட்டுக் கணக்கெடுப்பில் ஆண்டுக்குச் சுமார் 80,000 கடிகள், 460ஐ ஒட்டிய இறப்புகள். கடிபட்டவர்களில் ஏறத்தாழ 170 பேருக்கு ஒருவர் இறக்கிறார். வங்கதேச அரசின் கணக்கெடுப்பில் நான்கு லட்சம் கடிகள், 7,500 இறப்புகள். 50 பேருக்குச் சற்று மேல் ஒருவர். இந்தியாவில் 2015ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 11 முதல் 18 லட்சம் கடிகள். அப்படியானால் இருபது முப்பது பேருக்கு ஒருவர்.

இலங்கைப் பாம்புக்கு விஷம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன் எல்லாம் அங்கேயும் உண்டு. விஷமுறிவு மருந்தும் பல்லாண்டுகளாக இந்தியாவிலிருந்தே போகிறது. அந்த மருந்துக்கு மூலமான விஷத்தைச் சேகரிப்பதில் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரியது. நம் இருளர் மக்கள் கையால் எடுத்த விஷத்திலிருந்து செய்த மருந்து, அனுராதபுரத்து விவசாயிக்கு நேரத்தோடு கிடைக்கிறது, ஜார்க்கண்ட் விவசாயிக்குக் கிடைப்பதில்லை. இலங்கையில் அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, செலவில்லை, கடிபட்டால் அங்கேதான் போகவேண்டும் என்ற பழக்கம் ஊறியிருக்கிறது.

2024இல் இந்திய அரசு பாம்புக்கடி மரணங்களை 2030க்குள் பாதியாகக் குறைக்கும் திட்டத்தை அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. எண்ணத் தொடங்கியாயிற்று. இனி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மருந்தும், அதைத் துணிந்து போடும் மருத்துவரும் வேண்டும்.

ரத்தக் கொதிப்பு, பக்கவாதம்

பூச்சிமருந்தும் பாம்பும் கண்ணுக்குத் தெரிகிற எதிரிகள். ஆனால் மூன்று நாட்டிலும் நடுவயதில் அதிகம் பேரைக் கொண்டுபோவது இருதய நோயும் பக்கவாதமும். இதிலும் எல்லை தாண்டிய ஓர் ஒற்றுமை உண்டு. இந்தியாவில் பக்கவாத மரணம் கூடுதலாக இருப்பது மேற்கு வங்கம், அசாம் போன்ற கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில். எல்லைக்கு அப்பால் வங்கதேசத்திலும் பக்கவாதமே முன்னால் நிற்கிறது. பஞ்சாபிலும் தமிழ்நாட்டிலும் மாரடைப்பு முந்துகிறது. நோய்க்குப் பாஸ்போர்ட் கிடையாது, அது மண்ணையும் உணவையும் பின்பற்றிப் போகிறது.

பக்கவாதத்தின் வேர் பெரும்பாலும் கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாட்டுக் கிராமங்களில் ஒரே நேரத்தில் ஒரு சோதனை நடந்தது. 30 ஊர்கள், ரத்தக் கொதிப்பு உள்ள 2,645 பேர். பாதி ஊர்களில் ஏற்கனவே இருக்கும் சுகாதாரப் பணியாளர்களே வீட்டுக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள், அதிகம் இருந்தவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்த ஊர்களில் ரத்த அழுத்தம் மற்ற ஊர்களைவிட 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. கேட்கச் சின்ன எண்ணாகத் தோன்றும். ஊர் முழுக்க 5 புள்ளி இறங்கினால் பல ஆயிரம் வீடுகளில் படுக்கையில் விழாத தகப்பனும் தாயும் இருப்பார்கள். 2020இல் வெளியான இந்த முடிவுக்குப் பின், 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் இதே வழியில்தான் வாசலுக்கு மாத்திரை கொண்டுபோகிறது. இந்தத் திட்டத்தால் பக்கவாத மரணம் எவ்வளவு குறைந்தது என்று பத்தாண்டு கழித்து நாம் சொல்லியாக வேண்டும். அதற்கு இன்றைய சாவுகளின் காரணம் இன்றே பதிவாக வேண்டும்.

ஒரே ஆற்றுப்படுகை, இரண்டு கொடி

வங்கதேசத்திடம் கற்க இன்னொரு பாடமும் இருக்கிறது. குளத்துத் தண்ணீர் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் சாவதைத் தடுக்க, 1970கள் முதல் ஊரெங்கும் அடிகுழாய் போட்டார்கள். நல்லெண்ணத்தோடு செய்த வேலை. ஆனால் கங்கை கொண்டுவந்த வண்டலிலேயே ஆர்சனிக் இருந்தது. அதன் தோல் புண்களை 1983 வாக்கில் முதலில் அடையாளம் கண்டவர் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா. அவர் பார்த்த நோயாளிகளில் எல்லை தாண்டி வந்தவர்களும் இருந்தார்கள். மேற்கு வங்கத்தின் நாதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களின் கிணற்றுக்கும் எல்லைக்கு அப்பாலுள்ள கிணற்றுக்கும் நீர் ஒன்றே.

வங்கதேசத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 50 லட்சம் அடிகுழாய்களைச் சோதித்து, ஆபத்தானவற்றின் வாய்க்குச் சிவப்பு வண்ணமும் நல்லவற்றுக்குப் பச்சை வண்ணமும் பூசினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் எந்தக் குழாயில் குடத்தை வைக்கலாம் என்று தெரிந்தது. அராய்ஹசார் வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான வயதுவந்தோரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆர்சனிக் இருதய நோயாகவும் புற்றுநோயாகவும் மாறிக் கொல்வது தெரிந்தது. அதைவிட முக்கியமாக, நல்ல நீருக்கு மாறியவர்களிடம் நாட்பட்ட நோய்களால் வரும் மரணம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பல ஆண்டுகள் நஞ்சைக் குடித்த பிறகும் நிறுத்தினால் பலன் உண்டு.

இப்படி இன்னும் விடை கிடைக்காத கேள்விகளும் எல்லை தாண்டிக் கிடக்கின்றன. இலங்கையின் மதவாச்சி, பதவியா பகுதி நெல் விவசாயிகளைத் தாக்கும் காரணம் அறியாச் சிறுநீரக நோய், ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும் இருக்கிறது. இரண்டு இடத்து ஆய்வாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் விடை சீக்கிரம் வரும்.

ஒப்பிடும்போது கவனம் தேவை

மாணவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள்.

முதலாவது, வயது. 2012 கணக்கெடுப்பில் இலங்கை மக்களில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 விழுக்காடு. இந்தியாவில் 2011இல் 8.6. முதியோர் அதிகமுள்ள நாட்டில் இருதய நோய் மரணம் அதிகமாகத்தான் தெரியும். இரண்டு வயலின் விளைச்சலை மூட்டைக் கணக்கில் ஒப்பிடாமல் ஏக்கர் கணக்கில் ஒப்பிடுவது போல, ஒரே வயதினரை ஒரே வயதினரோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சராசரி. இலங்கையில் பெண்களின் ஆயுள் ஆண்களைவிட ஆறேழு ஆண்டு கூடுதல். இந்தியாவில் அந்த இடைவெளி மூன்று ஆண்டுதான். இலங்கையில் பெண் கல்வியும், வீடு தேடி வரும் குடும்பநல மாதுவின் சேவையும் பெண்களைக் காத்தன. புகையும் மதுவும் விபத்தும் ஆண்களைப் பின்னுக்கு இழுத்தன. தேசிய சராசரி நன்றாக இருந்த காலத்திலும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் நலக் குறியீடுகள் பின்தங்கியே இருந்தன. இந்தியா என்ற ஒற்றை எண்ணுக்குள் கேரளமும் உத்தரப் பிரதேசமும் ஒன்றாக அடங்கிக் கிடக்கின்றன.

மூன்றாவது, எண்ணப்படாதவர்கள். நல்ல பதிவுமுறை கொண்ட இலங்கையில் 1981க்குப் பிறகு 2012இல்தான் தீவு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க முடிந்தது. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக எடுத்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் போரில் மாண்ட பொதுமக்கள் எத்தனை பேர் என்பதற்கு அனைவரும் ஏற்கும் பதிவு இன்றும் இல்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்று சட்டம் சொன்ன காலத்தில் குடும்பங்கள் காரணத்தை மறைத்தன. இலங்கை 1998இல் அந்தச் சட்டப்பிரிவை நீக்கியது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அதன் கூர்மையை மழுக்கியது. வங்கதேசத்தில் அது இன்னும் இருக்கிறது. எங்கே சாவு குறைவாகத் தெரிகிறதோ, அங்கே உண்மையிலேயே குறைவா, மறைக்கப்படுகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

முடிவாக நான் கேட்பவை நான்கு.

வீட்டில் நிகழும் ஒவ்வொரு நடுவயதுச் சாவுக்கும் வாய்மொழி விசாரணை நடக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இறப்பைப் பதிகிறார். கிராம சுகாதார செவிலியர் அந்த வீட்டை அறிந்தவர். இந்த இருவரையும் ஒரு படிவத்தால் இணைத்தால் போதும். 1990களிலேயே விழுப்புரத்தில் செய்து காட்டிய வேலை இது.

பூச்சிமருந்துக்கு அனுமதி கொடுக்கும் இடத்தில் மருத்துவரின் குரலும் ஒலிக்க வேண்டும். எந்த மருந்து எத்தனை உயிரை எடுத்தது என்று அரசு மருத்துவமனைகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

காசநோய்க்காக நேபாளத்தில் சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளுக்குப் பொதுவான மையம் இருக்கிறது. அதைப்போல வயதுவந்தோர் மரணக் காரணங்களுக்கும் ஒரு பொது அட்டவணை வேண்டும். ஒரு நாடு ஒரு வகைச் சாவைக் குறைத்துவிட்டது என்று அதில் தெரிந்தால், மற்ற நாடுகளின் அமைச்சர்கள் தங்கள் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டும்.

நான்காவது, இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களிடம் கேட்பது. இன்னும் சில ஆண்டுகளில் ஓர் அரசு மருத்துவமனையில் நள்ளிரவில் உங்கள் முன் இறப்புச் சான்றிதழ் வந்து நிற்கும். வெளியே உறவினர்கள் அழுதுகொண்டிருப்பார்கள், வார்டில் அடுத்த நோயாளி காத்திருப்பார். "இருதயம் நின்றது" என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. அப்படிச் செய்யாதீர்கள். கட்டிலருகே இருந்தவரிடம் ஐந்து நிமிடம் பேசுங்கள். சர்க்கரை நோயா, காசநோயா, பூச்சிமருந்தா, கட்டுவிரியனா, எது இந்த மனிதரை இங்கே கொண்டுவந்தது என்று கேட்டு, அடிப்படைக் காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள். அனுராதபுரத்து மருத்துவர்கள் அப்படி எழுதியதால்தான் ஒரு தடை உத்தரவு பிறந்தது. உங்கள் கையெழுத்தும் ஓர் உத்தரவைப் பிறப்பிக்கட்டும்.